சேட்டைக்காரப் பிள்ளையா? முதலில் காதைப் பாருங்கள்!

தோட்டப்புறத்துப் பெற்றோர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் லயத்திலே, "சொன்ன பேச்சே கேக்காது" என்று பேர் வாங்கிய பிள்ளை யாராவது உண்டா? கூப்பிட்டால் திரும்பாது. கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரளும். கையில் அகப்பட்டதை வீசும். கூட விளையாடும் பிள்ளையைக் கடித்து வைக்கும். ஆயாக்கொட்டகை ஆயா, "இதை இங்க கொண்டாந்து விடாதீங்கம்மா, என்னால பாத்துக்க முடியல" என்று கையை விரித்து விடுவார். அப்பா ரோத்தானைத் தேடுவார். பாட்டி பூசாரியைத் தேடுவார். பக்கத்து வீட்டு அக்காவோ, "வளர்ப்பு சரியில்ல" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதி விடுவார்.

இத்தனை பேரில் ஒருவராவது அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்தாரா? அதுதான் நமது கேள்வி.

தமிழிலே 'கேட்பது' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காதில் விழுவதும் கேட்பதுதான்; சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். முதல் கேட்பது இல்லாத பிள்ளையிடம் இரண்டாவது கேட்பதை எதிர்பார்க்கிறோம். அது வராதபோது பிரம்பை எடுக்கிறோம். அடி வாங்கிய பிள்ளைக்கு எதற்காக அடி விழுந்தது என்பதே விளங்குவதில்லை. மறுநாள் அது இன்னும் முரடாகிறது. நாமும் இன்னும் பலமாக அடிக்கிறோம். இப்படியே ஐந்து வருஷம், ஆறு வருஷம் ஓடி விடுகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போதுதான் சில வீடுகளில் உண்மை வெளியே வருகிறது. அதற்குள் பிள்ளையின் பொன்னான காலம் கைநழுவிப் போய்விடுகிறது.

சேட்டை செய்யும் பிள்ளைகள் எல்லோரும் காது கேளாதவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளையும் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கலாம். கற்பதில் பின்தங்கிய பிள்ளைக்குச் சொன்னது விளங்காமல் போகலாம். வீட்டிலே தினமும் குடியும் சண்டையும் நடந்தால், நல்ல காதுள்ள பிள்ளையும் முரடாகும். ஆனால் ஒன்று நிச்சயம். பேசத் தெரியாத பிள்ளைக்கு அதன் நடத்தைதான் பேச்சு. அது கடிப்பதும் அழுவதும் ஏதோ ஒன்றைச் சொல்வதற்காகத்தான். அது என்ன என்று தேட வேண்டியது பெரியவர்களாகிய நம் பொறுப்பு. தேடலைக் காதிலிருந்து தொடங்குவது நல்லது.

இதற்குச் சாட்சி தேடி நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. நம்முடைய பினாங்கிலேயே அது நடந்திருக்கிறது.

தஞ்சோங் பூங்காவில் பிறந்த மொழி

1954ஆம் ஆண்டு. தோட்டப் பாட்டாளிகளுக்கு அது மறக்க முடியாத வருஷம். சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்று கூடி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான வருஷம் அது. அதே ஆண்டில்தான் பினாங்கு, தஞ்சோங் பூங்காவில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று கூட்டரசுப் பள்ளி தொடங்கப்பட்டது. மலாயாவில் அத்தகைய பள்ளி அதுவே முதலாவது.

அப்போது பினாங்குப் பாலம் கிடையாது. பாலம் திறக்கப்பட்டது 1985இல்தான். பெரிய நிலத்திலிருந்து வரும் பிள்ளை பட்டர்வொர்த்தில் கப்பலேறித்தான் தீவுக்கு வர வேண்டும். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் விடுதியிலே தங்கிப் படித்தார்கள். பெற்ற தாயைப் பிரிந்து, பெட்டியும் கையுமாக வந்து இறங்கிய சின்னஞ்சிறுசுகளை நினைத்துப் பாருங்கள். "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்பதற்குக்கூட வாயில் சொல் இல்லாத பிள்ளைகள் அவர்கள்.

வகுப்பறையில் அன்று நடந்தது வாய்மொழிப் பாடம். ஆசிரியரின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். தொண்டையில் கை வைத்து அதிர்வை உணர்ந்து குரல் எழுப்பப் பழக வேண்டும். இந்த முறை நம் நாட்டில் உண்டானது அல்ல. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஒரு மாநாடு, காது கேளாதவர்களுக்கு வாய்ப்பேச்சு முறைதான் சிறந்தது, கைச்சாடை முறை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் உலகின் பல நாடுகளில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கோலோச்சியது. சொல்லிக் கொடுத்தவர்களின் எண்ணம் நல்ல எண்ணம்தான். எப்படியாவது பிள்ளை பேச வேண்டும் என்ற ஆசைதான்.

ஆனால் உதட்டைப் பார்த்துப் பேச்சை அறிவது எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் 'பாடு' என்று சொல்லுங்கள். பிறகு 'மாடு' என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பாடச் சொல்கிறார்களா, மாட்டைச் சொல்கிறார்களா என்று காது கேளாத பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? தொண்டைக்குள்ளே பிறக்கும் 'க' போன்ற ஒலிகளோ உதட்டில் தெரிவதே இல்லை.

வகுப்பறை இப்படி இருந்தபோது, வகுப்புக்கு வெளியே வேறொரு சங்கதி நடந்தது. விடுதியிலும் சாப்பாட்டு மேசையிலும் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகளின் கைகள் பேசத் தொடங்கின. ஒருவன் ஒரு சாடையைக் காட்டினான், மற்றவன் பிடித்துக்கொண்டான். மூத்த பிள்ளைகள் புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சாடைகள் பெருகி ஒரு மொழியாகவே ஆகிவிட்டன. 'பினாங்குக் கைமொழி' என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் அதைத் தனி மொழியாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். எந்தப் புத்தகமும் இல்லாமல், எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்காமல், பிள்ளைகளே சேர்ந்து உண்டாக்கிய மொழி!

இதுபோன்ற அதிசயம் பிறகு வேறொரு நாட்டிலும் நடந்தது. மத்திய அமெரிக்காவில் உள்ள நிகராகுவாவில், 1970களின் பிற்பகுதியில் காது கேளாத பிள்ளைகள் ஒரே பள்ளியில் ஒன்று சேர்ந்தார்கள். அவர்களும் தங்களுக்குள் ஒரு கைமொழியை உண்டாக்கினார்கள். 1986இல் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியறிஞர் அங்கு போய் ஆராய்ந்த பிறகு அது உலகப் புகழ் பெற்றது. அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்னாலேயே நம் பினாங்குப் பிள்ளைகள் இதைச் செய்துவிட்டார்கள் என்பது நமக்குப் பெருமை.

இந்தக் கதையில் நமக்கு என்ன பாடம்? சோறு இல்லாமல் உடம்பு வளராது. மொழி இல்லாமல் மனசு வளராது. மொழி கொடுக்கப்படாத பிள்ளை, கூட்டாளிகள் இருந்தால் தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் லயத்திலே ஒற்றைப் பிள்ளையாய், சுற்றிலும் காது கேட்பவர்களுக்கு நடுவே இருக்கும் காது கேளாத பிள்ளை யாரோடு சேர்ந்து மொழி உண்டாக்கும்? பசி என்று சொல்ல முடியாது. வயிறு வலி என்று சொல்ல முடியாது. பெரிய பையன் அடித்துவிட்டான் என்று முறையிட முடியாது. மிஞ்சுவது என்ன? கடிப்பதும் வீசுவதும் கத்துவதும்தான்.

காலம் மாறியது. 1976இல் அமெரிக்காவின் காலடெட் கல்லூரியிலிருந்து பிரான்சிஸ் பார்சன்ஸ் என்ற அம்மையார் மலேசியாவுக்கு வந்தார். அவரும் காது கேளாதவரே. பேச்சு, கைச்சாடை, எழுத்து, முகபாவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் 'முழுத் தொடர்பு' முறையை அவர் இங்கு எடுத்துச் சொன்னார். அதன் பிறகு நம் நாட்டுப் பள்ளிகளில் கைகளுக்கு மரியாதை வந்தது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசியக் கைமொழியைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்றுக்கொண்டது. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய உலக மாநாடு, 1880இல் மிலானில் போட்ட தீர்மானங்களைத் தள்ளிவிட்டு, அதனால் விளைந்த கேட்டுக்கு வருத்தமும் தெரிவித்தது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

1998இல் அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காது கேளாத 150 பிள்ளைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 72 பேரின் குறை பிறந்து 6 மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டது. மற்ற 78 பேருக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சீக்கிரம் கண்டுபிடித்து உடனே உதவி தொடங்கியவர்களில், மற்ற அறிவு வளர்ச்சி சரியாக உள்ள பிள்ளைகள், மொழித் திறனில் மிகவும் முன்னேறி இருந்தார்கள்.

இதில் நம் தோட்டத்து மக்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. குடும்பம் ஏழையா வசதியானதா, குறை கொஞ்சமா அதிகமா, பிள்ளை கற்றது வாய்மொழியா கைமொழியா, எதைப் பார்த்தாலும் சீக்கிரம் கண்டுபிடித்ததன் பலன் தெரிந்தது. ஆகவே, "நாங்க படிக்காதவங்க, எங்களால என்ன செய்ய முடியும்?" என்று மலைத்துப்போய் உட்காராதீர்கள். காலத்தோடு கண்டுபிடித்தால் ஏழை வீட்டுப் பிள்ளையும் முன்னுக்கு வரும்.

பிள்ளைகளின் நடத்தையை ஆராய்ந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். காது கேளாத பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும் அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் நல்ல மொழி கிடைத்த பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு குறைகிறது. காது கேளாமை மட்டுமே பிள்ளையை முரடாக்குவதில்லை. மனதில் உள்ளதைச் சொல்ல வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பதே பெரிதும் முரடாக்குகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி, காது கேளாத பிள்ளைகளில் 10 பேரில் 9 பேருக்கு மேல் நல்ல காதுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்கள். எனவே, "எங்க பரம்பரையில அப்படி யாரும் இல்லியே" என்று சொல்லித் தட்டிக் கழிப்பது சரியல்ல.

வீட்டிலேயே கவனிக்கக் கூடியவை

பிள்ளை பிறந்த சில வாரங்களில், திடீரென்று கதவு அறைந்தால் திடுக்கிட வேண்டும். 6 மாதத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து அம்மா குரல் வந்தால் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். ஒரு வயதில் தன் பேரைக் கூப்பிட்டால் பார்க்க வேண்டும். 'பாபா, மாமா' என்று மழலை பேச வேண்டும். ஒன்றரை வயதில் சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவை வரவில்லை என்றால், "இவுங்க அப்பா கூட மூணு வயசுலதான் பேசுனாரு" என்று காத்திருக்காதீர்கள். தாய் சேய் நலக் கிளினிக்கிலே சொல்லுங்கள். தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பியது என்று ஏமாந்தும் போகாதீர்கள். தட்டின் அதிர்வையோ உங்கள் நிழலையோ உணர்ந்துகூடப் பிள்ளை திரும்பலாம். சில பிள்ளைகளுக்குக் கனத்த ஓசை கேட்கும், மெல்லிய ஓசை கேட்காது. கருவி வைத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியிலும் செபராங் ஜெயா ஆஸ்பத்திரியிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. கிளினிக் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். இப்போது பல பெரிய ஆஸ்பத்திரிகளில் பிறந்த பிள்ளைகளுக்கே காதுச் சோதனை செய்கிறார்கள். செய்தார்களா, முடிவு என்ன என்று கேட்டு வாங்குவது தாயின் உரிமை.

குறை வருவதற்குச் சாபமோ கிரகணமோ காரணம் அல்ல. கர்ப்பமாக இருக்கும்போது தாய்க்கு ரூபெல்லா என்னும் அம்மை கண்டால் பிள்ளையின் காதும் கண்ணும் பாதிக்கப்படும். தடுப்பூசி அதற்காகத்தான். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கடுமையாக ஏறினால் மூளையும் காதும் கெடும். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டிலே வைத்துக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மூளைக்காய்ச்சல், குறைமாதப் பிரசவம் இவையும் காரணமாகலாம். நெருங்கிய சொந்தத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் கலியாணம் செய்யும் குடும்பங்களில் பிறவிச் செவிடு கூடுதலாக வருவதைத் தென்னிந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காதிலே சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். டாக்டரிடம் காட்டினால் பெரும்பாலும் குணமாகும். விட்டுவிட்டால் நல்ல காதும் மந்தமாகும்.

'ஊமை' என்ற சொல்லையும் நாம் கைவிட வேண்டும். காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. பேச்சு காதில் விழாததால் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆலோசகர் என்ன செய்வார்?

சொக்சோவை நம் பாட்டாளிகள் எல்லோரும் அறிவார்கள். 1971இல் ஏற்பட்டது. தோட்டத்தில் அடிபட்டால் பணம் கொடுக்கும் இலாகா என்றே பலர் எண்ணுகிறார்கள். அது 2007 தொடங்கி, அடிபட்ட தொழிலாளி மறுபடியும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தையும் நடத்துகிறது. 2014இல் மலாக்காவில் பெரிய புனர்வாழ்வு மையம் ஒன்றும் திறக்கப்பட்டது. "இனி மரம் ஏற முடியாது, செம்பனைக் குலை வெட்ட முடியாது. அப்படியானால் என்னென்ன முடியும்?" என்று அவரோடு உட்கார்ந்து பேசி வழி காட்டுவதுதான் புனர்வாழ்வு ஆலோசனை. முதல் உலகப் போரில் உறுப்பிழந்து வந்த சிப்பாய்களுக்காக 1918இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. 1920இல் பொதுமக்களுக்கும் அந்த உதவி நீட்டிக்கப்பட்டது. அந்த வழியில் வளர்ந்த தொழில் இது.

பெரியவர்களுக்கு உள்ள இதே வழி பிள்ளைகளுக்கும் உண்டு. பிள்ளைகளோடு பழகத் தெரிந்த ஆலோசகர், "உங்கள் பிள்ளை கெட்ட பிள்ளை" என்று சொல்ல மாட்டார். ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்வார். பிள்ளை ஆர்ப்பாட்டம் செய்த ஒவ்வொரு தடவையும் மூன்று விஷயம் குறிக்க வேண்டும்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பின்னால் நாம் என்ன செய்தோம். இரண்டு வாரம் எழுதினால் போதும், முடிச்சு அவிழத் தொடங்கும்.

ஓர் உதாரணம் சொல்வோம். தாய் விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் பையன் கத்திக் கதவைக் கடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். காது கேட்கும் பிள்ளைக்கு, "அம்மா வேலைக்குப் போயிட்டு மத்தியானம் வந்துடுவேன்டா கண்ணு" என்ற ஒரு வாக்கியம் போதும். இவனுக்கு அந்த வாக்கியம் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் அவன் அம்மா அவனைப் பொறுத்தவரை காணாமல் போய்விடுகிறார்! திரும்பி வருவாரா என்று அவனுக்குத் தெரியாது. எந்தப் பிள்ளைதான் அழாது?

இப்போது வழி தெரிகிறது அல்லவா? பிரம்பு தேவையில்லை. வேலைத் தொப்பியைக் காட்டி, 'போகிறேன்' என்று தினமும் ஒரே சாடை காட்டுங்கள். மத்தியானச் சோற்றுத் தட்டின் படத்தைக் காட்டி, 'வந்து சேர்ந்து சாப்பிடுவோம்' என்று ஒரு சாடை காட்டுங்கள். சொன்ன நேரத்தில் வந்ததும் மறுபடி அதே சாடையைக் காட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். சில வாரங்களில் பையன் தொப்பியைத் தானே எடுத்துக் கொடுக்கலாம். அன்றுதான் அவனுக்கும் அம்மாவுக்கும் இடையே மொழி பிறந்தது என்று அர்த்தம்.

ஆலோசகர் பெற்றோருக்கும் ஆறுதல் சொல்வார். பிள்ளைக்குக் குறை என்று கேட்டதும் தாய்க்கு நெஞ்சு வெடிக்கும். பழி முழுவதும் அவள் தலையில் விழும். புருஷன் வீட்டார், "நீ கர்ப்பத்துல என்னத்தத் தின்ன?" என்று குடைவார்கள். அந்தத் தாய் அழுவதற்கும் பேசுவதற்கும் ஓர் இடம் வேண்டும். தாய் மனம் உடைந்து கிடந்தால் பிள்ளையை யார் தூக்கி நிறுத்துவது? தகப்பன்மார்களே, இதில் உங்கள் பங்கு பெரிது. "நம்ம பிள்ளை, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்" என்ற உங்கள் ஒரு வார்த்தை நூறு மாத்திரைக்குச் சமம்.

என்னென்ன வழிகள் உண்டு?

முதலில் ஓ.கே.யூ. அட்டை. ஜே.கே.எம். என்று நாம் சொல்லும் சமூக நல இலாகாவில், டாக்டர் உறுதி செய்த பாரத்தோடு பதிந்துகொள்ள வேண்டும். கண், காது, பேச்சு, உடல், கற்றல், மனம், பலவகைக் குறைபாடு என ஏழு பிரிவுகள் உள்ளன. "அட்டை எடுத்தா பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்க, நாளைக்குக் கலியாணம் ஆகாது" என்று பயந்து ஒளிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டணச் சலுகை, உதவித்தொகை, காதுக் கருவிக்கான உதவி இவற்றையெல்லாம் கேட்க அந்த அட்டைதான் வாசல். தொகைகள் அவ்வப்போது மாறும். அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பி.டி.கே. என்னும் சமூகப் புனர்வாழ்வு மையம். 1984இல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் 55 பேருடன் சோதனையாகத் தொடங்கிய திட்டம் இது. இன்று நாடு முழுவதும் 500க்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பினாங்கு மாநிலத்திலும் உண்டு. ஊருக்கு வெளியே பெரிய கட்டடத்தில் பிள்ளையைக் கொண்டு போய் அடைப்பதை விட, ஊருக்குள்ளேயே பெற்றோரும் பக்கத்தாரும் சேர்ந்து பழக்குவது நல்லது என்பதே இதன் அடிப்படை.

மூன்றாவது பள்ளிக்கூடம். குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் அரசாங்கப் பள்ளிகளில் நடப்பில் உள்ளது. "இங்க இடமில்ல" என்று யாராவது சொன்னால் அதோடு வீடு திரும்பாதீர்கள். மாவட்டக் கல்வி இலாகாவில் கேளுங்கள்.

நான்காவது, காது கேளாத பெரியவர்களின் கூட்டுறவு. பினாங்கில் காது கேளாதோர் சங்கம் இருக்கிறது. கைமொழி கற்றுக்கொள்ள அவர்களே நல்ல வாத்தியார்கள். நம் பிள்ளை வளர்ந்தால் எப்படி இருக்கும் என்ற கவலை உள்ள தாய், வேலை செய்து குடும்பம் நடத்தும் காது கேளாத மனிதரை ஒரு முறை சந்தித்தால் போதும், பாதிப் பயம் தீரும். பார்வைக் குறை உள்ள பிள்ளைகளுக்குப் பாகான் ஜெர்மால் சாலையில் செயிண்ட் நிக்கலஸ் இல்லம் இருக்கிறது. 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு பினாங்குக்கு வந்த நிறுவனம் அது.

தோட்டமும் தோழர்களும்

"எல்லாம் சரிங்க. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போச்சு. பஸ்சுக்கும் காசு வேணும். போனா இன்னொரு தேதி குடுப்பாங்க. எத்தன நாள் அலையிறது?" என்று நீங்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பல வீடுகளில் பிள்ளை கதவுக்குப் பின்னால் இருந்துவிடுகிறது. தோட்டம் துண்டு போடப்பட்டு டவுன் ஓரத்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களிலும் இதே நிலைதான். அங்கே கூப்பிட்ட குரலுக்கு வர பழைய லயத்து ஜனம்கூடப் பக்கத்தில் இல்லை.

ஆகவே இதை ஒரு தாயின் தலையில் மட்டும் போடக் கூடாது. ஆஸ்பத்திரித் தேதி உள்ள நாளில் அந்தத் தாய்க்கு லீவு கிடைக்க மண்டோரும் கிராணியும் உதவ வேண்டும். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அதைப் பேசி வாங்கித் தர வேண்டும். வண்டி உள்ளவர்கள் ஒரு நடை கொண்டு போய் விடலாம். கோயில் கமிட்டி திருவிழாக் கணக்கில் ஒரு சிறு தொகையைப் பயணச் செலவுக்கு ஒதுக்கினால் அம்மனுக்குக் கோபம் வராது. இளைஞர் மன்றத்தார் நாலு பேர் கைமொழி கற்றுக்கொண்டு வந்து மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், ஒற்றையாய்க் கிடந்த பிள்ளைக்குக் கூட்டாளிகள் கிடைப்பார்கள். ஆயாக்கொட்டகை ஆயாவுக்கோ எல்லோரையும் விட முதலில் தெரியும். எந்தப் பிள்ளை திரும்புகிறது, எது திரும்பவில்லை என்று தினமும் பார்ப்பவர் அவர்தான். அவர் சொல்லும் சொல்லுக்குத் தாய்மார்கள் கோபப்படாமல் காது கொடுக்க வேண்டும்.

சாமியைக் கும்பிடுங்கள், நேர்த்திக்கடன் செய்யுங்கள். நாம் குறுக்கே நிற்கவில்லை. கோயிலுக்குப் போகிற கையோடு கிளினிக்குக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்பதே நாம் சொல்வது.

1954இல் பாட்டாளி மக்கள் ஒன்று சேர்ந்தபோது அவர்களுடைய குரல் துரைமார்களின் பங்களா வரை கேட்டது. அதே ஆண்டில் தஞ்சோங் பூங்காவில் ஒன்று சேரத் தொடங்கிய பிள்ளைகள் தங்கள் கைகளாலேயே ஒரு குரலை உண்டாக்கிக்கொண்டார்கள். ஒன்று சேர்ந்தால் குரல் பிறக்கும் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடம் அல்ல. அந்தப் பாடத்தை இப்போது நம் லயத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காகப் பயன்படுத்துவோம். இந்த வாரமே அந்தப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். தாமதம் வேண்டாம்!